பதிமூன்றாம் எண் விசிறி

சத்தம் அன்றைக்கும் நடுப்பகலில்தான் வந்தது. அக்பேகோ பட்டறை வாசலில் உட்கார்ந்து ஒரு படகு மோட்டாரின் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஏரி கண்ணுக்குத் தெரியவில்லை. வடக்கே பாலைவனத்திலிருந்து வரும் புழுதிக் காற்று மூன்று நாளாக ஊரை மூடியிருந்தது. கரையில் நிற்கும் படகுகளுக்கு மூக்கு மட்டும் இருந்தது, வாலைக் காணோம். அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு மோட்டார் சத்தம். பாரம் தாங்காமல், மூச்சு முட்டி, முனகிக்கொண்டு வரும் சத்தம். வருகிறது, வருகிறது, வந்து சேரவே இல்லை.

அவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ஏரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பத்தடி தள்ளி வலையைத் தைத்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. பதினோரு மாதமாக இது அவனுக்கு மட்டும்தான் கேட்கிறது. பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. ஏரி மீனைத் தொட்டே அவனுக்குப் பதினோரு மாதம் ஆகிறது. மீன் துறையில் இருந்துகொண்டு, அக்ப்லே களியை வெறும் வெண்டைக்காய்க் குழம்பில் தொட்டு விழுங்குகிறவனை ஊர் சும்மா விடுமா? வயிற்றுப்புண் என்று அதுவே பேசி முடிவு செய்துகொண்டது. அவனும் ஆமாம் என்று விட்டுவிட்டான்.

கெடோமே துறையில் மோட்டார் வேலைக்கு அக்பேகோவை விட்டால் ஆள் கிடையாது. வோல்ட்டா ஏரி ஏரியாவதற்கு முன்னால் இங்கே காடு இருந்தது. அந்த மரங்கள் இன்றைக்கும் தண்ணீருக்குள் அப்படியே நிற்கின்றன. வாரத்துக்கு நாலு படகாவது அடிமரத்தில் மோதி, மோட்டாரின் விசிறி இதழை முறித்துக்கொண்டு வந்து நிற்கும். புது விசிறி எது மாட்டலாம் என்று அவன் சொன்னால் அதுதான் தீர்ப்பு.

தீர்ப்புச் சொல்வதற்கு அதில் பெரிய வித்தையும் இல்லை. விசிறியின் மேல் இரண்டு எண் அடித்திருக்கும். முதல் எண் அகலம். இரண்டாவது எண்ணைப் பிட்ச் என்பார்கள். ஒரு சுற்றுக்கு அது எத்தனை அங்குலம் முன்னால் போகப் பார்க்கும் என்ற கணக்கு. சின்ன எண் சின்ன அடியாக வைத்துப் பாரத்தை இழுக்கும். பெரிய எண் தாவித் தாவிப் போகும், ஆனால் பாரம் ஏறிவிட்டால் மோட்டாருக்கு மூச்சு வாங்கும். நாற்பது குதிரைத்திறன் மோட்டார் வைத்த சந்தைப் படகுக்கு ஒன்பது. அதே மோட்டாரில் மூன்று பேர் மட்டும் போகும் லேசான படகுக்குப் பதிமூன்று. இவ்வளவுதான் விஷயம்.

ஆனால் எங்கள் துறைக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. புது விசிறியை வெறும் படகில்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். ஓட்டிப் பார்க்காத விசிறியை நம்பி எந்தச் சந்தைக்காரி ஏறுவாள்? ஆள் ஏறவேண்டும் என்றால் முதலில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டிக் காட்டும்போது படகில் ஆளும் இருக்காது, சரக்கும் இருக்காது. கரையில் கூடி நின்று, எது பறக்கிறதோ அதற்குக் கை தட்டுவார்கள். கைதட்டல் வாங்கியதை மாட்டிக்கொண்டு மறுநாள் முப்பது பேரை ஏற்றுவார்கள். இது என்ன கூத்து என்று ஒருத்தராவது வாய் திறந்து கேட்டிருக்க வேண்டுமே, இல்லை.

சத்தம் மெல்ல அடங்கியது. அக்பேகோ ஸ்பானரை எடுக்கக் குனிந்தபோது எதிரில் இரண்டு கால்கள் வந்து நின்றன. நிமிர்ந்தான். ஏரியில் செத்துப்போன மாவுலியின் மனைவி அகோர்ஃபா, இன்னும் அந்தத் துக்கக் கறுப்புத் துணியோடு, தலையில் எனாமல் தாம்பாளம். பின்னால் அவள் கொழுந்தன் செனானு.

"அண்ணே, கை வேலையா இருக்கீங்களா?"

"வா தங்கச்சி. உக்காரு."

அவள் உட்காரவில்லை. தாம்பாளத்தை இறக்கி, மூடியிருந்த வெள்ளைத் துணியை விலக்கினாள். உள்ளே பாசி பிடித்த ஒரு விசிறி. பாசிக்குக் கீழே என்ன எண் இருக்கும் என்று பார்க்காமலே அக்பேகோவுக்குத் தெரியும்.

"தண்ணி இறங்கிருச்சுல்ல. நடு ஏரியில ஒரு மரத்துக் கவட்டையில மோட்டாரே தொங்கிட்டு இருந்திருக்கு. வலைக்காரங்க அவுத்துக் கொண்டாந்து போட்டாங்க. மோட்டார் போச்சு. இது மட்டும் முழுசா இருக்கு, பாருங்க."

போன மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, சந்தைக்குப் போன மாவுலியின் படகு திடீர்ப் புயலில் கவிழ்ந்தது. எட்டுப் பேர் போனார்கள், ஒன்பதாவதாக மாவுலி. எட்டில் மூன்று பேர் இன்னும் கிடைக்கவில்லை, மாவுலியும் கிடைக்கவில்லை. பிழைத்தவர்களுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை, திடுதிப்பென்று தண்ணீர் உள்ளே வந்தது என்றார்கள். கட்டையில் மோதியிருப்பான் என்றது ஊர். ஒரு வாரத்தில், குடித்துவிட்டு ஓட்டினான் என்றும் சேர்த்துக்கொண்டது.

தண்ணீரில் செத்தவர்களை நாங்கள் சும்மா வீட்டுக்குள் கூப்பிட மாட்டோம். கரைக்குப் போய், எப்படிச் செத்தான் என்ற காரணத்தை வாய்விட்டுச் சொல்லி, மூன்று தரம் பேர் சொல்லி அழைத்து, பானையில் தண்ணீர் மொண்டு வர வேண்டும். காரணம் தப்பானால் ஆள் வர மாட்டான். கட்டை தட்டிச் செத்த மாவுலியே வா என்று போன வருஷம் அழைத்தார்கள். சடங்கு செய்த கிழவி பானையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் யாரும் இல்லை என்று சொல்லிக் கவிழ்த்துவிட்டாள். அன்றையிலிருந்து அகோர்ஃபா கறுப்பை அவிழ்க்கவில்லை.

"கட்டையில மோதினாருன்னு ஊரே சொல்லுது," என்றாள் அவள். "மோதியிருந்தா இதழ் இப்படியா இருக்கும்? அடிபட்ட விசிறியப் பார்த்துப் பார்த்தே வயசானவரு நீங்க. சொல்லுங்க."

அக்பேகோ விசிறியை மடியில் வைத்துக் கட்டை விரலால் பாசியைத் தேய்த்தான். மூன்று இதழிலும் ஒரு கீறல் இல்லை. பதிமூன்று என்ற எண் பளிச்சென்று தெரிந்தது.

"கட்டை தட்டல," என்றான்.

"அப்ப எப்படி?"

"தெரியல, தங்கச்சி."

சொல்லிக்கொண்டே அவன் பாசியை இன்னும் தேய்த்தான். அகோர்ஃபா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். செனானுவுக்குத்தான் பொறுமை இல்லை.

"அதை அப்புறம் பேசுங்க, அண்ணி. அண்ணே, புதுப் படகு தச்சாச்சு, மோட்டாரும் வந்தாச்சு. நாளைக்குச் சந்தை. இதையே மாட்டிக் குடுத்துருங்க."

"இதையா?"

"இதுக்கென்ன? எங்க அண்ணன் கைபட்டது."

"உள்ள தண்டைப் பிடிச்சிருக்கற ரப்பர் செத்திருக்கும்டா."

"ரப்பர் மாத்த மாட்டீங்களா? போன வாரம்தான அடுத்த துறைக்காரனுக்கு மாத்தினீங்க. அவன் என்ன உங்க மாமனா?"

"செத்தவன் பொருளு. எதுக்குப் படகுல..." என்று இழுத்தான் அக்பேகோ.

"அவரு கையில கடைசியா இருந்தது இதுதான், அண்ணே," என்றாள் அகோர்ஃபா. "ஆளுதான் வரல. இதாவது படகுல இருக்கட்டும். புள்ளைங்க தொட்டுப் பார்க்கும்."

அக்பேகோ எழுந்துபோய்ச் சுவரில் ஆணியில் தொங்கிய ஒன்பதாம் எண் விசிறியை எடுத்து வந்தான். "இந்தா. சும்மாவே எடுத்துக்க. சந்தைப் படகுக்கு இதுதான் சரி."

செனானு அதை வாங்கித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். "ஆமை விசிறி. இதை வெச்சுக்கிட்டுப் போனா நாங்க போய்ச் சேர்றப்ப சந்தை கலைஞ்சிருக்கும். உங்களுக்கு வயித்துப்புண்ணு, எங்களுக்குமா? சரி, காலையில ரெண்டையும் ஓட்டிப் பார்த்துருவோம். பறக்கறது படகுல, மத்தது உங்க ஆணியில."

அவர்கள் போன பிறகு அக்பேகோ அந்த விசிறிக்கு ரப்பர் மாற்றினான். மாற்றாமல் இருந்திருக்கலாம், முடியவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கை தன் பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டே போனது.

விஷயம் இதுதான். போன வருஷம் இந்தப் பதிமூன்றை மாவுலியின் படகில் மாட்டியது அக்பேகோ. வெறும் படகில் அது பறந்த அழகைப் பார்த்துக் கரை மொத்தமும் கை தட்டியது. அக்பேகோ மாட்டினால் சும்மாவா என்று எவனோ கத்தினான், அக்பேகோவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பதுதான் சரி என்று அப்போதே தெரியும், வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை அந்த விசிறியோடு முதல் தடவை சந்தைக்குப் போய் வந்த மாவுலி, மறுநாள் பட்டறைக்கு வந்தான். பாரம் ஏத்தினா முனகுது, அண்ணே, திரும்ப மாட்டேங்குது, மாத்திக் குடுங்க என்றான். ரேடியோவில் கால்பந்து வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. புதுசுடா, பழகிரும் என்று சொல்லிவிட்டான் அக்பேகோ, எழுந்திருக்கக்கூட இல்லை. மாவுலி கொஞ்ச நேரம் அவனோடு உட்கார்ந்து ஆட்டத்தைக் கேட்டுவிட்டுப் போனான். அடுத்த வியாழன் போனவன் திரும்பவில்லை.

காலையில் புழுதி இன்னும் தடித்திருந்தது. சந்தைக்குப் போகிற பெண்கள் கூடையும் மூட்டையுமாகக் கரையில் நின்றார்கள். புயலோ புழுதியோ, சும்மா கிடைக்கிற வேடிக்கையை எங்கள் ஊர் விட்டதாகச் சரித்திரம் இல்லை. வயதானவர்களெல்லாம் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

முதலில் ஒன்பது. மோட்டார் கிறீச்சிட்டு அலறியது, படகு நிதானமாகக் கரையோரம் போய்த் திரும்பியது. "செனானு, இறங்கித் தள்ளுடா," என்றான் ஒருத்தன். "என் பன்னி இதைவிட வேகமா நீந்தும்," என்றாள் கூடைக்காரி ஒருத்தி. கரை சிரித்தது.

பிறகு பதிமூன்று. அக்பேகோ தண்ணீரில் நின்று நட்டை முறுக்கி, பின்னைச் செருகி வளைத்துவிட்டான். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. புழுதிக்குள் போய் மறைந்து, அடுத்த மூச்சில் வேறொரு பக்கத்தில் வந்து நின்றது. கரை மொத்தமும் கை தட்டியது. போன வருஷம் கேட்ட அதே கைதட்டல்.

"முடிஞ்சுது கதை," என்றான் செனானு. "வாங்க, ஏறுங்க."

பெண்கள் இடுப்புத் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். முதுகில் தூங்குகிற குழந்தையைக் கட்டியிருந்த ஒருத்தி எல்லோருக்கும் முன்னால் போனாள். குழந்தையின் குதிகால் இரண்டும் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே ஆடின. அக்பேகோ அந்தக் குதிகாலைப் பார்த்தான்.

"ஆள் ஏத்தாத," என்றான்.

"என்னண்ணே?"

"ஆள் வேணாம். கிழங்க ஏத்து. முப்பது ஆள் பாரத்துக்குக் கிழங்க ஏத்தி ஒரு தரம் ஓட்டிப் பாரு. அப்புறம் எது வேணுமோ மாட்டிக்க."

கரை ஒரு நொடி புரியாமல் விழித்தது. அப்புறம் பிடித்துக்கொண்டது. "கிழங்குக்குச் சவாரியா? டிக்கெட் யாரு எடுக்கறது?" "புண்ணு வயித்துலேர்ந்து மண்டைக்கு ஏறிருச்சு போல." செனானு கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். அகோர்ஃபா கையைத் தூக்கி அவனை நிறுத்தினாள். அவள் கண் அக்பேகோவின் முகத்தை விட்டு நகரவில்லை.

"ஏத்துங்கடா," என்றாள். "என் கிழங்குதான். நாலு ஆள் சேர்ந்தா எவ்வளவு நேரம் ஆகும்?"

அவளுடைய கிழங்குக் குவியல் முழுக்க ஏறியது. போதாததற்குக் கரி மூட்டைகளும் ஏறின. விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம் இருக்கும்போது போதும் என்றான் அக்பேகோ. செனானு ஒருத்தன் மட்டும் பின்னால் உட்கார்ந்து மோட்டாரைக் கிளப்பினான். படகு மெதுவாகப் புழுதிக்குள் போனது. முதலில் மூக்கு, பிறகு செனானுவின் சிவப்புச் சட்டை, பிறகு ஒன்றுமில்லை.

அப்போது அந்தச் சத்தம் வந்தது. பாரம் தாங்காமல், மூச்சு முட்டி, முனகிக்கொண்டு.

கரையில் சிரிப்பு நின்றுவிட்டது. அகோர்ஃபா அக்பேகோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் குரல் தணிந்திருந்தது.

"இதே சத்தம். அன்னைக்கு மழையில நான் இங்கதான் நின்னேன். ஒண்ணும் தெரியல, சத்தம் மட்டும் வந்துச்சு. வந்துட்டாருன்னு நெனச்சேன். அடுப்புல களி இருந்துச்சு, ஓடிப்போய் இறக்கி வெச்சுட்டு வந்து நின்னேன். வர்றாரு, வர்றாருன்னு எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா?"

"நானும் கேட்டேன்," என்றாள் பின்னால் ஒருத்தி. அன்றைக்குக் கரையில் நின்ற எல்லோருக்கும் அந்தச் சத்தம் ஞாபகம் இருந்தது. ஒருத்தரும் இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

வெகுநேரம் கழித்துப் படகு வந்து சேர்ந்தது. செனானுவின் முகம் வெளிறிக் கிடந்தது. மோட்டாரை அணைத்து, தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்தினான். "திரும்பவே மாட்டேங்குது, அண்ணே. இந்தச் சின்னக் காத்துக்கே மூக்கைத் திருப்ப முடியல. அலை இருந்திருந்தா..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான்.

சத்தம் நிற்கவில்லை.

செனானு மோட்டாரைப் பார்த்தான். விசிறி அசையாமல் காற்றில் நின்று நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் இரண்டு கைகளையும் மோட்டாரிலிருந்து எடுத்துத் தூக்கிக் காட்டினான், நான் இல்லை என்பதுபோல. புழுதிக்குள் அந்த மோட்டார் முனகிக்கொண்டே இருந்தது.

"வெளிய யாரு படகாவது இருக்கா?" என்று ஒருத்தர் கேட்டார். தலையைத் திருப்பி எண்ணினார்கள். துறைப் படகு பன்னிரண்டும் கரையில் இருந்தது. குழந்தையைக் கட்டியிருந்தவள் அதை முன்பக்கம் திருப்பி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஓடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அக்பேகோவுக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது, தனக்கு மட்டும் இல்லை என்று. அந்த நிம்மதிக்கு அவனே வெட்கப்பட்டான்.

"அண்ணே," என்றாள் அகோர்ஃபா. "இன்னொரு தரம் கேக்கறேன். அவரு எப்படிச் செத்தாரு?"

அக்பேகோ முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, சத்தம் வந்த பக்கம் பார்த்து நின்றான்.

"மாவுலி," என்றான். "கட்டை இல்ல. நீ குடிக்கவும் இல்ல. உன் படகுக்கு ஒன்பதுதான் வேணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பதிமூணை மாட்டினேன். ஊரு கை தட்டுச்சு, எனக்கு நல்லா இருந்துச்சு. முனகுதுன்னு நீ வந்து சொன்ன. ஆட்டம் கேட்டுட்டு இருந்தேன், எந்திரிக்கச் சோம்பல். பழகிரும்னு சொல்லிட்டேன். காத்து வந்தப்ப உன்னால படகைத் திருப்ப முடியல. உன்னை அனுப்பினது நான். அந்த எட்டுப் பேரையும் நான்தான்."

மோட்டார் சத்தம் மாறியது. பாரத்தை இறக்கிவிட்டால் ஒரு மோட்டார் எப்படிச் சீராக, லேசாக ஓடுமோ அப்படி ஓடியது. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு அணைத்ததுபோல் நின்றுவிட்டது.

அகோர்ஃபா அடிப்பாள் என்று அவன் காத்திருந்தான். அடித்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் ஒரு கூடைக்காரியிடமிருந்து மண்பானையை வாங்கி, தண்ணீரில் இறங்கி, இந்தத் தடவை சரியான காரணத்தைச் சொல்லி மூன்று முறை புருஷனை அழைத்தாள். மூன்றாவது முறை குரல் உடைந்துவிட்டது. பானையில் தண்ணீர் மொண்டாள். போன வருஷம் சடங்கு செய்த அதே கிழவி அதைக் கையில் வாங்கிப் பார்த்து, ஆள் வந்துவிட்டான் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"காரணம் சொன்னவங்கதான் தூக்கணும்," என்றாள் அகோர்ஃபா.

பானை அவன் தலையில் ஏறியது. இத்தனை சின்னப் பானைத் தண்ணீர் அவ்வளவு கனக்காது என்று அக்பேகோவுக்குத் தெரியும். கழுத்து உள்ளே இறங்கிவிடும்போல் இருந்தது. அவன் திரும்பிப் பார்த்தபோது செனானு தானே ஸ்பானரை எடுத்துப் பதிமூன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒன்பது அவன் மடியில் இருந்தது. யாரும் அதை ஆமை என்று சொல்லவில்லை.

"உன் வீட்டுக்குத்தான?" என்று அகோர்ஃபாவிடம் கேட்டான் அக்பேகோ.

"எங்க வீடு கடைசி. முன்னால எட்டு வீடு இருக்கு. பதினோரு மாசமா எட்டு வீட்டுக்காரங்களும் இவரைத்தான் சபிக்கிறாங்க. என் புள்ளைங்க அந்தத் தெருவுலதான் பள்ளிக்கூடம் போவுதுங்க. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, இப்பச் சொன்னதை அப்படியே சொல்லுங்க. சொல்ற வரைக்கும் பானைய இறக்கக் கூடாது."

முதல் வீடு மீனைப் புகையில் வாட்டி விற்கும் என்யோனாமுடையது. கணுக்கால் வலி என்று நாலு நாளாக அவள் கரைப் பக்கமே வரவில்லை, நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. பன்னிரண்டு வயது மகள் அந்தப் படகில் போனவள். கிடைக்காத மூன்று பேரில் ஒருத்தி. வாசலில் ஆள் நிற்பதைப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு நொண்டி வந்தாள். வந்தவர்களுக்குச் செய்வதுபோல முக்காலியை இழுத்துப் போட்டு, சுரைக்குடுவையில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள்.

"வாங்க அண்ணே. உக்காருங்க, ஏன் நிக்கறீங்க? என்ன சேதி?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் பார்வை மேலே போனது. பானையைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் நின்ற அகோர்ஃபாவைப் பார்த்தாள். கையிலிருந்த குடுவை ஆடித் தண்ணீர் சிந்தியது. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை அக்பேகோவால் பார்க்க முடியவில்லை.

"என் பொண்ணா அண்ணே? கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"இல்ல, தங்கச்சி," என்றான் அக்பேகோ. பிறகு சொல்லத் தொடங்கினான்.